பின்னட்டையில் என் நம்பர்

என் தோழி ஒருத்தி, தான் உடம்பு குறைத்த கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுதிப் புத்தகமாகப் போட்டாள். 112 பக்கம், 300 பிரதி, செலவு முழுக்க அவளுடையது. அவள் பள்ளிக்கூட டீச்சர். "பசங்களோட அம்மா அப்பாவே ராத்திரி பத்து மணி வரைக்கும் கூப்பிடறாங்க, இதுக்கும் சேர்த்து என்னால முடியாதுடி" என்று சொல்லி, பின்னட்டையில் என் நம்பரைப் போடச் சொன்னாள். கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. பிரதி வேண்டுமென்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல யாராவது வேண்டும்தானே. சரி என்றேன்.

பிரதி கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். படித்து முடித்துவிட்டுக் கூப்பிட்டவர்களே அதிகம். எழுதியது நானில்லை என்று சொன்னாலும் போனை வைக்க மாட்டார்கள். "பரவாயில்லைங்க, நீங்களே கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு வருஷமாக அவற்றை ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வந்திருக்கிறேன். யாருடைய பெயரையும் ஊரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அவர்கள் சொன்னதெல்லாம் அந்த நோட்டோடு போய்விடக் கூடாது என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. தோழியும் எழுதச் சொல்லிவிட்டாள்.

முதலில் புத்தகத்தைப் பற்றி. தோழிக்கு 43 வயதில் எடை 91 கிலோ. அது அவளுக்குத் தெரிய வந்த இடம் ஒரு ரயில் நிலையம். காசு போட்டால் கலர் விளக்குகள் சுற்றி, டடக் என்று ஒரு அட்டை விழுமே, அந்த மெஷின். அட்டையில் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். எடைப் பக்கத்தில் 91. திருப்பினால், உங்கள் மதிப்பு மேலும் உயரும் என்று இருக்கிறது. கூட நின்ற மகன் அட்டையைப் பிடுங்கி இரண்டு பக்கத்தையும் பிளாட்பாரத்துக்கே கேட்கிற மாதிரி படிக்கிறான். சுண்டல் விற்கிறவர், "நல்ல பலன்தாம்மா" என்கிறார். இது முதல் அத்தியாயம். மெய்ப்புப் பார்க்கும்போது சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் என்னவென்று எழுந்து வந்து பார்த்தான்.

அப்புறம் மகாமகக் குளம். குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் இருக்கின்றன. நடக்கத் தொடங்கிய முதல் நாள் மூன்றாவது மண்டபத்துக்கு மேல் அவளால் போக முடியவில்லை. எந்த மண்டபத்தில் உட்கார்ந்தாள், அங்கே யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று மண்டபம் மண்டபமாகக் கதை நகர்கிறது. பதினாறையும் தாண்டி ஒரு முழுச் சுற்று வர அவளுக்கு இரண்டு மாதம் ஆனது. டிகிரி காபியில் சர்க்கரையை விட்ட வாரத்துக்குத் தனியாக ஒரு அத்தியாயம். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த அத்தியாயத்தின் துக்கம் விளக்காமலே புரியும். ஒன்றரை வருஷத்தில் 72 கிலோவுக்கு வந்தாள்.

வந்த போன்களில் பத்துக்கு எட்டு ஒரே கேள்வியோடுதான் ஆரம்பிக்கும். "டயட் சார்ட் இருக்குங்களா?" புத்தகத்தில் அப்படி ஒன்று கிடையாது. அவள் செய்தது, டாக்டரிடம் போய்த் தைராய்டும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டது, நடந்தது, சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்டியது, பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் யார் வீட்டு பிறந்தநாள் என்றாலும் வந்துவிடுகிற கேக்கையும் மிக்சரையும் விட்டது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் கூப்பிட்டவர்களுக்கு ஏமாற்றம். சிலர் எனக்கே வைத்தியம் சொல்வார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை எனக்குச் சொல்லாதவர்கள் குறைவு. கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுக் கஞ்சி என்று என் நோட்டில் ஒரு சமையல் புத்தகத்துக்கே சரக்கு இருக்கிறது.

ஆரம்பத்தில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இவ்வளவு அழகாக ஒருத்தி எழுதியிருக்கிறாள், நீங்கள் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்கிறீர்களே என்று மனசுக்குள் சண்டை போடுவேன். நாலைந்து மாதம் போன பிறகுதான் ஒன்று பிடிபட்டது. சார்ட் கேட்டு, இல்லை என்று நான் சொல்லி, கொள்ளுப் பேச்சும் முடிந்த பிறகு கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பார்கள். நான் வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது, "அப்புறம்..." என்பார்கள். அவர்கள் கூப்பிட்டதே அந்த அப்புறத்துக்குத்தான். எடுத்த எடுப்பில் அதைச் சொல்ல முடியாமல்தான் சார்ட்டைக் கேட்டிருக்கிறார்கள்.

"அப்புறம், அந்த மெட்டி விஷயம் இருக்குல்ல..." இப்படி மட்டும் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள், எல்லோரும் பெண்கள். புத்தகத்தில் அது நாலே வரி. கால் விரலில் மெட்டி நழுவியிருக்கிறது, தானே குனிந்து சரிசெய்ய முடியவில்லை, வீட்டில் யாரையும் கூப்பிடவும் மனசு வரவில்லை, அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள், போகிற வழியில் எங்கோ விழுந்துவிட்டது. சிரிப்பு அத்தியாயங்களுக்கு நடுவே அதை அவள் சும்மா சொல்லிவிட்டுத் தாண்டியிருப்பாள். நானும் மெய்ப்பில் ஒரு சந்திப்பிழையைத் திருத்திவிட்டுத் தாண்டியவள்தான். ஆனால் படித்தவர்கள் அங்கே நின்றுவிட்டார்கள். ஒரு அம்மா சொன்னார்: "என் பாதத்தை நான் நல்லாப் பாத்தே எட்டு வருஷம் ஆச்சும்மா. பித்தவெடிப்பு இருக்குன்னு பொண்ணு சொல்லித்தான் தெரியும். இதையெல்லாம் போய் யார்கிட்ட சொல்றது?" இன்னொருவர், கணவர் தினமும் செருப்பு வாரை மாட்டிவிடுவதையும், விருந்தாளிகள் இருக்கும்போது அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு வெறுங்காலோடு வாசல் வரை வந்து நிற்பதையும் சொன்னார். குரல் உடையவில்லை. ரொம்ப நிதானமாக, ரேஷன் கடையில் என்ன போட்டார்கள் என்று சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது.

ஒரு டெய்லர் கூப்பிட்டார். அவருடைய மனைவி படித்துவிட்டு இவரிடம் நீட்டியிருக்கிறார், 61-ஆம் பக்கத்தை மடித்து வைத்து. அது ஜாக்கெட் அளவு கொடுக்கிற அத்தியாயம். அளவெடுக்கிறவர் டேப்பைச் சுற்றி, உள்ளே தையல் மெஷினில் இருக்கிற பையன் எழுதிக்கொள்வதற்காக எண்ணை உரக்கச் சொல்வார். கடையில் நாலு பேர் நிற்பார்கள். தோழி அந்த எண்ணை ஏலக்கடைக் குரலில் எழுதியிருப்பாள், படித்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. இந்த டெய்லர் சொன்னார்: "முப்பது வருஷமா நானும் அப்படித்தான் மேடம் கத்திக்கிட்டிருக்கேன். எனக்கு அது வெறும் நம்பர். கையில டேப் இருக்கு, எழுத ஆள் வேணும், அதனால சத்தமா சொல்றேன். நிக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு ஒரு நாள்கூட தோணினதில்லை." இப்போது அவரே பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு அளவையும் அவரே நோட்டில் எழுதிக்கொள்கிறாராம். ஒரு உருப்படிக்கு இரண்டு நிமிஷம் கூட ஆகிறது என்றார். தோழியிடம் இதைச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் கூப்பிட்டு, "அந்த டெய்லர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

பெரியவர்களின் எதிர்வினை வேறு மாதிரி. எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு தாத்தா, புத்தகம் முழுவதையும் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "சிரிப்பா இருந்துச்சும்மா. ஆனா எதுக்கு இளைக்கணும்னுதான் எனக்கு விளங்கல" என்றார். அவர் சின்ன வயதில் ஒரு வேளைக் கூழோடு வயலில் நின்றவர். அவர் கண்ணுக்குப் பூசினாற்போல இருக்கிற பெண்தான் நன்றாக வாழ்கிற பெண். கல்யாணமாகிப் போன மகள் கொஞ்சம் சதை போட்டு வந்தால் வீட்டில் நிம்மதி, இளைத்து வந்தால் கவலை. அவர் சொன்னதில் தப்பில்லை. தோழி பத்துக் கிலோ குறைந்திருந்த சமயத்தில் தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும் அவளிடம் கேட்டது, "என்னாச்சு டீச்சர், சுகரா?" என்றுதான். பசியைப் பார்த்த தலைமுறையின் பயம் இன்னும் நம் வாயில் இருக்கிறது. அதே வாயில்தான் கொழுப்பு என்ற சொல்லும் இருக்கிறது. உடம்பில் சேருகிற பொருளுக்கும் திமிருக்கும் நம்மிடம் ஒரே பெயர். பள்ளிக்கூடத்தில் ஒரு குண்டுப் பையன் எதிர்த்துப் பேசினால் அவனுக்கு விழுகிற திட்டு இரண்டு மடங்காக வலிக்கும் என்று ஒரு கல்லூரி மாணவன் சொன்னான். பருமனாக இருப்பதே ஏதோ ஒழுக்கக்கேடு என்பது போல நடத்துகிற பழக்கத்துக்கு இந்தச் சொல்லும் ஒரு காரணமோ என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிற தன்னார்வலர் ஒருவர் ஐந்து பிரதி வாங்கினார். 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க அவர் போகும்போது, எடை என்றால் மட்டும் பெண்கள் உள்ளே வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார்களாம். ரயில் நிலைய அத்தியாயத்தை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்கிறார். நாலு பெண்கள் சிரித்து முடித்துவிட்டு, வரிசையாக மெஷினில் ஏறி நின்றார்களாம். நான் அப்புறம் கணக்குப் பார்த்தேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள். 2015-16 கணக்கெடுப்பில் அது 30.9. பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கிற திண்ணையில் நாலு பேர். இவ்வளவு பேருக்குப் பொதுவான ஒன்றை ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் வந்த அவமானமாகப் பொத்தி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

எல்லாப் போனும் இப்படி மனசுக்கு நிறைவாக இருந்ததில்லை. ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், மொட்டை மாடியிலிருந்து பேசினாள். காற்றுச் சத்தம் கேட்டது. அவளுக்கு இந்தப் புத்தகத்தைப் பிறந்தநாள் பரிசாக நாத்தனார் கொடுத்திருக்கிறாள், பளபளப்புத் தாள் சுற்றி. கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் பிரித்திருக்கிறாள். அட்டையைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். புத்தகத்தை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஆறு மாதம் கழித்து, வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் எடுத்து ஒரே மூச்சில் படித்திருக்கிறாள். "ரொம்ப நல்ல புக்குங்க. நிறைய சிரிச்சேன். நானா ஒரு கடையில பாத்து வாங்கியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஏனென்றால் அப்படிப் பரிசு கொடுக்கிறவர்களுக்கு நானே பார்சல் கட்டியிருக்கிறேன். "என் ஒய்ஃபுக்குக் கொஞ்சம் புத்தி வரட்டும், ஒரு காப்பி அனுப்புங்க" என்ற கணவர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு, யாருக்காவது கொடுக்கத்தான் வாங்குகிறேன் என்று சொல்கிறவர்களிடம், "அவங்க கேட்டாங்களா?" என்று கேட்கிறேன். கேட்கவில்லை என்றால், நீங்கள் முதலில் படியுங்கள், உங்களுக்காக வாங்குங்கள் என்று சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்கள். விற்பனை கொஞ்சம் குறைந்தது. தோழியிடம் சொன்னேன், "குறையட்டும்" என்றாள்.

நான் அதிகம் கற்றுக்கொண்டது ஒரு கோபமான போனில்தான். பேசியவர் ஒரு தாய். மகளுக்குப் பத்தொன்பது வயது, பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. மாத்திரை, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு எல்லாம் பார்த்தும் எடை இறங்கவில்லை. "நீங்கள்லாம் சிரிக்கிற விஷயமா இது?" என்று ஆரம்பித்தார். நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். எழுதினவங்க தன்னைப் பார்த்துத்தானே சிரிக்கிறாங்க, மற்றவர்களை இல்லையே என்றேன். "39-ஆம் பக்கத்தை எடுங்க" என்றார்.

எடுத்தேன். குளக்கரையில் தோழிக்கு முன்னால் நடந்து போகிற, அவளைவிடப் பருமனான ஒரு பெண்மணியைப் பற்றி எட்டு வரி. அந்தப் பெண்மணி நடக்கிற விதத்தைப் பற்றிய வர்ணனை. நானும் அந்த இடத்தில் சிரித்திருந்தேன். போனில் அந்த அம்மா மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "அவங்க தன்னைப் பத்தி என்ன வேணா சிரிச்சுக்கட்டும். அந்தம்மா இவங்ககிட்ட வந்து என்னை எழுதுன்னு கேட்டாங்களா? நாளைக்கு என் பொண்ணு நடக்கப் போனாலும் பின்னாடி வர்றவங்க இப்படித்தானே பாப்பாங்க?"

என்னிடம் பதில் இல்லை. நம் சினிமாவில் பல வருஷமாக உடம்பு பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் குண்டு கல்யாணம், இன்னொருவர் ஓமக்குச்சி நரசிம்மன். அவர்கள் திரையில் வந்து நின்றாலே, வாய் திறப்பதற்கு முன்பே தியேட்டர் சிரிக்கும். நடிப்பே அப்புறம்தான். அப்படிச் சிரித்துப் பழகிய நான், அந்த எட்டு வரியில் எதுவும் உறுத்தாமல் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். மெய்ப்புப் பார்ப்பவளுக்கு அதுவும் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தோழியிடம் சொல்லவே தயக்கமாக இருந்தது. சொன்னேன். புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். "அந்தம்மா சொன்னது சரிதான்" என்றாள். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகும்போது அந்த எட்டு வரியை எடுத்துவிட்டாள். பக்கத்தில் விழுந்த இடைவெளியை நிரப்ப வேறு எட்டு வரி எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண்மணி தினமும் தனக்கு ஒரு சுற்று முன்னால் முடித்துவிட்டு, கடைசி மண்டபத்தில் உட்கார்ந்து இவளுக்காகத் தண்ணீர் பாட்டிலோடு காத்திருப்பார் என்பதை எழுதியிருந்தாள். அதுவும் உண்மையில் நடந்ததுதான், முதல் பதிப்பில் விட்டிருந்தாள். அந்த அம்மாவுக்கு இரண்டாம் பதிப்பில் ஒன்று அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது, வேறொன்றும் இல்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

இதற்கிடையில் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் அச்சகத்துக்கே நேரில் வந்தார். கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு. "உங்க தோழிக்கு லண்டன்ல ஒரு அண்ணன் இருந்தார், நூத்தி அறுபது வருஷத்துக்கு முந்தி" என்று மேஜையில் வைத்தார். வில்லியம் பேன்டிங் என்பவர் 1863-ல் பொதுமக்களுக்கு எழுதிய, உடற்பருமன் பற்றிய கடிதம். சின்னப் புத்தகம். ராத்திரி அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடித்தேன்.

பேன்டிங் எழுத்தாளரோ மருத்துவரோ இல்லை. இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்கிற குடும்பத் தொழில் அவருடையது. அரச குடும்பத்துச் சாவுகளுக்கும், 1852-ல் வெலிங்டன் பிரபுவின் இறுதி ஊர்வலத்துக்கும் வேலை செய்த குடும்பம். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 202 பவுண்டு, நம் கணக்கில் கிட்டத்தட்ட 92 கிலோ. என் தோழியை விட ஒரு கிலோதான் அதிகம். அவர் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார் என்று தினமும் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் படகு வலித்திருக்கிறார். கைகால் பலமானது, கூடவே பசியும் அதிகமானது, எடை ஏறியது. ஐம்பது துருக்கி நீராவிக் குளியல் எடுத்ததில் குறைந்தது ஆறு பவுண்டுதான். கடைசியில் காது மந்தமாகிறதே என்று வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். காதுக்கும் சேர்த்துக் கோளாறு இந்தக் கொழுப்புதான் என்று சொல்லி ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆறையும் ஹார்வி நிறுத்தச் சொன்னார். 1862 ஆகஸ்டில் தொடங்கி ஒரு வருஷத்தில் 46 பவுண்டு, ஏறக்குறைய 21 கிலோ, குறைந்தார். அப்போது வயது 66.

இதெல்லாம் எனக்குத் தகவல். என்னை உலுக்கியது வேறு ஓர் இடம். குனிந்து ஷூ நாடாவைக் கட்ட முடியவில்லை என்று பேன்டிங் எழுதுகிறார். முழங்காலிலும் கணுக்காலிலும் பாரம் விழாமல் இருக்க மாடிப்படியில் பின்னோக்கித் திரும்பிக்கொண்டு மெதுவாக இறங்குவாராம். பொது இடங்களிலும் வண்டிகளிலும் தெருவிலும் பருமனானவர்களைப் பார்த்து மற்றவர்கள் அடிக்கிற கேலி எந்த மனிதனுக்கும் உறைக்காமல் இருக்காது, அதனால்தான் அப்படிப்பட்டவர்கள் முடிந்தவரை அந்த இடங்களுக்கே போவதில்லை என்கிறார். லண்டன்காரருக்கு ஷூ நாடா, கும்பகோணத்து டீச்சருக்கு மெட்டி. ராத்திரி பதினொரு மணிக்குத் தோழிக்கு போன் போட்டு அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். "பின்னாடி திரும்பித்தான் நானும் மாடிப்படி இறங்கினேன். அதை எழுதக் கூச்சமா இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றாள்.

பேன்டிங்கின் புத்தகத்தில் சிரிப்பு கிடையாது. ரொம்ப நேர்மையான, சற்றுக் கனமான நடை. சிரிப்பு ஊரிலிருந்து வந்தது. பத்திரிகைகள் அவரை வைத்து நக்கல் செய்தன, 1864-ல் எடின்பரோவின் ஒரு மாத இதழ் அவருக்கென்றே ஒரு நீண்ட கேலிக் கட்டுரை போட்டது. மருத்துவ விஷயத்தில் தலையிடாமல் உன் வேலையைப் பார் என்ற தொனியில் லான்செட் என்ற மருத்துவ இதழ் எழுதியது. ஆனால் படித்தவர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். முதல் பதிப்பை இலவசமாகக் கொடுத்தவர், அடுத்தடுத்த பதிப்புகளை விலைக்கு விற்க வேண்டியதாயிற்று, அவ்வளவு பேர் கேட்டார்கள். வந்த லாபத்தை அறப்பணிகளுக்குக் கொடுத்தார். 1869-ல் வந்த நான்காம் பதிப்பில் வாசகர்கள் எழுதியதிலிருந்து நிறையச் சேர்த்தார். அவருடைய பெயரே ஆங்கிலத்தில் எடை குறைப்பதற்கு ஒரு வினைச்சொல்லாகிவிட்டது. ஸ்வீடன் மொழியில் இன்றைக்கும் உணவைக் கட்டுப்படுத்தி இளைப்பதற்கு அந்தப் பெயரிலிருந்து வந்த சொல்தான். அவர் தன் 81-ஆம் வயதில், 1878-ல் இறந்தார்.

அந்த நான்காம் பதிப்பைப் பற்றித் தெரிந்த பிறகு என் நோட்டை நான் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. கேலி செய்தவர்களின் எழுத்தை விட, அவருக்குக் கடிதம் போட்டவர்களின் வரிகள்தான் எனக்கு முக்கியம். அவர்களும் முதலில் எத்தனை அவுன்ஸ் இறைச்சி, எத்தனை கோப்பைத் தேநீர் என்றுதான் கேட்டிருப்பார்கள். அப்புறம் ஷூ நாடாவுக்கு வந்திருப்பார்கள்.

போன மாதம் வந்த ஒரு போனோடு முடித்துக்கொள்கிறேன். ஐம்பதை ஒட்டிய குரல். புத்தகத்தை மூன்று தடவை படித்திருக்கிறார். சார்ட் கேட்கவில்லை, கொள்ளு பற்றியும் பேசவில்லை. நேராக, "அவங்க இப்ப எவ்வளவு இருக்காங்க?" என்றார்.

இந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று தோழியிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். போன வருஷம் அவள் அம்மா படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் நடக்கப் போக முடியவில்லை, வேளைக்குச் சாப்பிடவும் முடியவில்லை. உள்ளதைச் சொல்லு, எதையும் மறைக்காதே என்று சொல்லியிருந்தாள்.

"76 கிலோ இருக்காங்க. நாலு கிலோ திரும்ப ஏறிடுச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு ஒரு பெருமூச்சு கேட்டது.

"அப்பாடா" என்றார். "எனக்கு ஆறு ஏறிடுச்சுங்க. புக்கைத் தொடவே பயமா இருந்துச்சு. அவங்க மட்டும் அப்படியே இருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் இங்க பக்கத்துலதான் இருக்கேன். காலையில எத்தனை மணிக்கு அவங்க குளத்தைச் சுத்துவாங்க?" என்று கேட்டார்.

"அஞ்சே முக்கால்" என்றேன். "மூணாவது மண்டபத்துக்கிட்ட நில்லுங்க."